நிலக்கரிச் சுரங்க வேலை: எதற்குப் பயப்பட வேண்டும்?

"தம்பிக்கு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வாயு வெடிக்கும் என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். இத்தனை கருவிகள் வந்த பிறகும் விபத்துகள் ஏன் நிற்கவில்லை? உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் நிலத்தடிச் சுரங்கங்களில் காற்றோட்டத்தையும் பாதுகாப்பையும் கவனித்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாயுவுக்குப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் முதல் பயம் தலைக்கு மேலே இருக்கும் கூரைக்கு இருக்கட்டும். வெடிப்பு என்றால் ஒரே நாளில் நூறு பேர் போவார்கள், உலகமே பேசும். கூரை இடிந்தால் ஒருவர், மிஞ்சினால் இருவர். செய்தித்தாளில் நான்கு வரி வரும், அவ்வளவுதான். அந்த நான்கு வரிச் செய்திகளையெல்லாம் வருடக்கணக்கில் கூட்டினால், நிலத்தடிச் சுரங்கச் சாவுகளில் மிகப் பெரிய பங்கு கூரையினுடையது என்று தெரியும்.

300 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 750 டன் பாறை உட்கார்ந்திருக்கிறது. கரியை வெட்டி எடுத்ததும் அந்தச் சுமை, பக்கத்தில் வெட்டாமல் விட்ட கரித் தூண்களின் மேல் இறங்கும். நமக்கு நேர் மேலே இருக்கும் பாறையும் ஒரே கல்லாக இருப்பதில்லை. புத்தகத் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். கீழே பிடிமானம் போனதும் அடுக்குகள் மெல்லத் தொய்ந்து ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். அதைத் தடுக்கத்தான் கூரையில் துளை போட்டு, சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பியைச் செருகிப் பிசினால் இறுக்குகிறார்கள். ரூஃப் போல்ட் என்பது இதுதான். உதிரித் தாள்களைச் சேர்த்துத் தைத்தால் கெட்டி அட்டை போல நிற்கும் இல்லையா, அதே வேலை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு பழைய ஆள். இடத்துக்குப் போனதும் முதல் வேலையாகக் கூரையைத் தட்டிப் பார்ப்பார். வலது கையில் கம்பி, இடது கையின் விரல்நுனிகள் கூரையில். தட்டும்போது கணீரென்று ஒலித்தால் பாறை ஒட்டியிருக்கிறது. வெறும் பானையைத் தட்டினது போல டொப்பென்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது. "காதை நம்பு, ஆனா விரலை அதைவிட நம்பு" என்பார். பெரிய பாளமாகப் பிரிந்திருந்தால் ஒலி நன்றாகத்தான் இருக்கும். விரலில் மட்டும் மெல்லிய அதிர்வு ஓடும். ஒரு நாள் அப்படித் தட்டியவர் ஒன்றும் பேசவில்லை. கையை அசைத்து எங்கள் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். ஷிஃப்ட் முடிவதற்குள், நாங்கள் நின்றிருந்த இடத்தில் ஒரு கட்டில் அளவுக்குப் பாளம் விழுந்து கிடந்தது. இன்று கூரையின் அசைவை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும் கருவிகள் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் கருவி பொருத்திய இடத்தைப் பற்றித்தான் அது சொல்லும். ஆள் நிற்கும் இடத்தை ஆள்தான் தட்டிப் பார்க்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: முட்டுக் கொடுக்காத, போல்ட் அடிக்காத கூரைக்கு அடியில் ஓர் அடி கூட வைக்கக் கூடாது. மறந்துவிட்ட சாமானை எடுக்க, கேபிளை இழுத்துவிட, "ரெண்டே நிமிஷம்" என்று போனவர்கள்தான் அதிகம் மாட்டியிருக்கிறார்கள்.

தூண்களையே வெட்டி எடுக்கும் கடைசிக் கட்டம் இன்னும் மோசம். பின்வாங்கிக்கொண்டே தூணை எடுக்க, விட்டு வந்த இடம் பின்னால் இடிந்து விழும். விழ வேண்டிய கூரை விழாமல் பரந்து தொங்கிக்கொண்டிருந்தால் அதுதான் பெரிய ஆபத்து. திடீரென்று மொத்தமாக விழும்போது அடியில் இருந்த காற்று நசுங்கிப் புயலாகப் பாய்ந்து ஆளைத் தூக்கி அடிக்கும். தூணுக்கே சுமை தாங்காமல் போனால் அது வெடித்துச் சிதறும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிராண்டல் கேன்யன் சுரங்கத்தில் 2007 ஆகஸ்ட் 6 அன்று அப்படித் தூண்கள் சரிந்து 6 பேர் மாட்டிக்கொண்டார்கள். அந்த அதிர்ச்சி நிலநடுக்கக் கருவிகளில் 3.9 ரிக்டர் அளவுக்குப் பதிவானது. பத்து நாள் கழித்து, அவர்களைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேல் பக்கச்சுவர் வெடித்ததில் இன்னும் 3 பேர் இறந்தார்கள். அந்த ஆறு பேரின் உடல்கள் இன்றும் உள்ளேதான் இருக்கின்றன.

சரி, வாயுவுக்கு வருவோம். கரி உருவான காலத்திலிருந்தே அதற்குள் மீத்தேன் அடைந்து கிடக்கிறது. வெட்டியதும் வெளியேறும். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிட லேசானது என்பதால் கூரையை ஒட்டிப் படலமாக நிற்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் வெடிக்கும், 9.5 சதவீதத்தை ஒட்டி வெடிப்பு மிகக் கடுமையாக இருக்கும். 15-க்கு மேல் போனால் வெடிக்காது என்று சொல்லி ஆறுதல் அடைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆறுதலே கிடையாது. அந்த வாயு எங்கோ ஓரிடத்தில் நல்ல காற்றோடு கலந்துதான் ஆக வேண்டும், கலக்கும் இடத்தில் மறுபடியும் வெடிக்கும் அளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் பல நாட்டு விதிகளும் 1 அல்லது 1.25 சதவீதத்திலேயே மின்சாரத்தை நிறுத்து என்கின்றன. வானிலையைக்கூடக் கவனிக்க வேண்டும். வெளியே காற்றழுத்தம் இறங்கும் நாளில், வெட்டி முடித்து விட்டுவந்த பகுதிகளிலிருந்து வாயு கசிந்து வரும்.

வாயு மட்டும் வெடித்தால் பெரும்பாலும் அந்த இடத்தோடு போகும். சுரங்கம் முழுவதையும் அழிப்பது கரித்தூசி. முதல் வெடிப்பின் அலை தரையிலும் சுவரிலும் படிந்த தூசியைக் கிளப்பும், பின்னாலேயே வரும் தீ அதைப் பற்றவைக்கும், அது அடுத்த தூசியைக் கிளப்பும். இப்படியே கிலோமீட்டர் கணக்கில் ஓடும். பிரான்ஸில் கூரியேர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10 அன்று 1,099 பேர் இறந்தது இப்படித்தான். இருபது நாள் கழித்து 13 பேர் தாங்களாகவே இருட்டில் தடவித் தடவி வெளியே வந்தார்கள். தேடுவதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

இதற்கு மருந்து அவ்வளவு எளிது. சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கிச் சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் தூவ வேண்டும். வெடிப்பு வந்தால் கரித்தூசியோடு இந்தப் பொடியும் கிளம்பி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், தீ அடுத்த இடத்துக்குத் தாவாது. நூறு வருடப் பழைய வழி. நன்றாக நடத்தும் சுரங்கத்தில் இறங்கினால் கரிச் சுவர்கள் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் ஆச்சரியப்படுவார்கள். வெள்ளை மங்கிச் சாம்பல் நிறமாகிறது என்றால் மேலே புதிதாகக் கரித்தூசி படிந்துவிட்டது, மறுபடி தூவ வேண்டும். சுரங்கம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

2010 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர் இறந்தார்கள். கரி வெட்டும் இயந்திரத்தின் பற்கள் தேய்ந்திருந்தன. தேய்ந்த பல் மணற்கல்லில் உரசினால் பொறி பறக்கும். பொறியை அணைக்க வேண்டிய நீர்த்தெளிப்பான்கள் சரியாக வேலை செய்யவில்லை. கொஞ்சம் மீத்தேன் பற்றியது. அதோடு அணைந்திருக்க வேண்டிய தீ, சுண்ணாம்புப் பொடி போதுமான அளவு தூவாத வழிகளில் குவிந்திருந்த கரித்தூசியில் ஏறிச் சுரங்கம் முழுக்க ஓடியது. ஆபத்துகளை உள்ளுக்குள் ஒரு கணக்கேட்டில் எழுதிவைத்து, அதிகாரிகள் பார்க்கும் பதிவேட்டில் எழுதாமல் விட்டதும் விசாரணையில் வெளிவந்தது. சுரங்கத்தை நடத்திய நிறுவனத்தின் தலைவருக்கு, பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறச் சதி செய்ததற்காக ஒரு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. தேய்ந்த பல்லை மாற்றவும் தெளிப்பானைச் சரிசெய்யவும் எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வெடிப்பில் தப்பியவரையும் விடாத ஒன்று உண்டு: கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி வரும், கால் தளரும், புத்தி மந்தமாகும். தான் சாகிறோம் என்பதே தெரியாமல் ஆள் உட்கார்ந்துவிடுவார். உலகத்தின் மிகப் பெரிய சுரங்க விபத்து சீனாவின் பென்ஷிஹூவில் 1942 ஏப்ரல் 26 அன்று நடந்தது. அப்போது அது ஜப்பானியர் கையில் இருந்தது. 1,549 பேர் இறந்தார்கள். வெடிப்புக்குப் பிறகு தீயை அடக்கக் காற்றோட்டத்தை நிறுத்தினார்கள், அதனால் பெரும்பாலோர் நச்சுவாயுவில்தான் செத்தார்கள் என்று பின்னால் நடந்த விசாரணை சொன்னது. துருக்கியின் சோமாவில் 2014 மே 13 அன்று இறந்த 301 பேரிலும் பெரும்பாலோரைக் கொன்றது இதே வாயு. ஒரு காலத்தில் இதைக் கண்டுபிடிக்கக் கேனரிக் குருவியைக் கூண்டோடு கொண்டுபோனார்கள். மனிதனுக்கு முன் குருவி மயங்கிவிடும். பிரிட்டனில் 1986 வரை இந்த வழக்கம் இருந்தது.

இன்று ஒவ்வொருவர் இடுப்பிலும் செல்ஃப் ரெஸ்க்யூவர் என்ற சிறு டப்பா தொங்குகிறது. ஆபத்து வந்தால் வாயில் கவ்வி, மூக்கை கிளிப்பால் அடைத்து, அதன் வழியே மூச்சு விட வேண்டும். ஒரு வகை நச்சுவாயுவை மாற்றிவிடும், இன்னொரு வகை தானே ஆக்சிஜன் கொடுக்கும். இரண்டுமே வேலை செய்யத் தொடங்கினால் சூடாகும். உள்ளே போகும் காற்று வாயைச் சுடும், தொண்டை வறளும், எச்சில் வழியும். பழகாத ஆள், "கருவி கெட்டுப்போச்சு, மூச்சு முட்டுது" என்று பிடுங்கி எறிவார். அந்தச் சூடுதான் கருவி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்! அமெரிக்காவின் சேகோ சுரங்கத்தில் 2006 ஜனவரியில் 12 பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். குறைந்தது நான்கு பேரின் கருவி வேலை செய்யவில்லை என்று அவர் பிறகு எழுதினார். பழுதா, பழக்கம் போதாமையா என்று நீண்ட விவாதம் நடந்தது. அதே வருடம் வந்த சட்டம், வழி நெடுகக் கூடுதல் கருவிகளை வைக்கவும், புகையில் பிடித்து நடக்கக் கயிறு கட்டவும் சொன்னது. சாவு வந்த பிறகுதான் கயிறு வந்தது.

கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டி முடித்த இடத்தில் விட்ட கரித்துண்டுகள் காற்றோடு சேர்ந்து மெல்லச் சூடாகும். முதலில் சுவரில் வியர்வை போல ஈரம் பூக்கும், அப்புறம் பெட்ரோல் மாதிரி ஒரு வாடை வரும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். அந்தக் கட்டத்திலேயே பிடித்து மூடிவிட்டால் பிழைத்தோம்.

தண்ணீர் விபத்துகளின் கதை எங்கும் ஒன்றுதான். பக்கத்தில் எப்போதோ கைவிட்ட பழைய சுரங்கம் இருக்கும், அதில் தண்ணீர் நிறைந்து கிடக்கும், அது எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் தவறாக இருக்கும். புது வேலை நேராக அதில் போய் முட்டும். தன்பாத் பக்கத்தில் சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று அப்படிப் புகுந்த வெள்ளம் 370-க்கும் மேற்பட்டவர்களை மூழ்கடித்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குவெக்ரீக் சுரங்கத்தில் 2002 ஜூலையில் இதே தவறு. ஆனால் மேலிருந்து துளை போட்டுச் சூடான காற்றை அழுத்தி, மூன்று நாளுக்கு மேல் போராடி 9 பேரையும் உயிரோடு எடுத்தார்கள். மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்தில் 1989 நவம்பரில் வெள்ளம் புகுந்து ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டபோது, ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், ஆள் நிற்கும் அளவுக்கு ஓர் இரும்புக் கூண்டு செய்யச் சொல்லி, துளை வழியாகத் தானே முதலில் கீழே இறங்கினார். 65 பேர் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். இதற்கும் மருந்து பழையதுதான்: சந்தேகமுள்ள திசையில் முன்கூட்டியே நீளத் துளை போட்டுப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். துளையில் தண்ணீர் வந்தால் அடைத்துவிட்டு நிறுத்தலாம். சுவர் உடைந்தால் ஓடத்தான் முடியும்.

இயந்திரங்கள், கன்வேயர் பெல்ட், கயிறு அறுந்து ஓடிவரும் வண்டி எல்லாம் வருடா வருடம் ஆளைப் பலி வாங்குகின்றன. குறுகிய இடம், மங்கிய வெளிச்சம், காதை அடைக்கும் சத்தம். இயந்திரம் ஓட்டுபவருக்கு நாம் தெரிகிறோம் என்று நினைக்கவே கூடாது. நம் விளக்கை அசைத்து, அவர் விளக்கு பதிலுக்கு அசைந்த பிறகுதான் நெருங்க வேண்டும்.

தூசியை இன்னொரு முறை சொல்கிறேன், இந்த முறை நுரையீரலுக்காக. இது விபத்துக் கணக்கில் வராது. பத்து, இருபது வருடம் கழித்து, மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். அமெரிக்காவில் மட்டும் 1968-லிருந்து 76,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கரித்தூசி நோயில் இறந்திருக்கிறார்கள். ஒழிந்துவிட்டது என்று நினைத்த நோய் அங்கே அப்பலாச்சிய மலைப் பகுதியில் திரும்பி வந்திருக்கிறது, அதுவும் நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு. கெட்டியான கரிப் படுகைகள் தீர்ந்து, மெல்லிய படுகையை எடுக்க மேலும் கீழும் பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். அந்தப் பாறையில் இருக்கும் சிலிக்கா, கரித்தூசியைவிடக் கொடியது.

அப்படியானால் ஏன் நிற்கவில்லை என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நியூசிலாந்தின் பைக் ரிவர் சுரங்கம் 2010 நவம்பர் 19 அன்று வெடித்து 29 பேர் இறந்தார்கள். அரசு அமைத்த விசாரணைக் குழு பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில் மீத்தேன் வெடிக்கும் அளவைத் தொட்டதாக 21 அறிக்கைகளும், அதற்குக் கீழே ஆனால் ஆபத்தான அளவில் இருந்ததாக 27 அறிக்கைகளும் கிடைத்தன. யாரோ ஒருவர் உள்ளே அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், திரும்பத் திரும்ப. அறிக்கை போனது, வேலையும் நடந்தது. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 24 அன்று, இரண்டாவது வெடிப்பு. அதுவரை வாசலில் காத்திருந்த குடும்பங்களுக்கு அதோடு நம்பிக்கை போய்விட்டது.

இதில் எந்தக் கருவி குறைவு? மீத்தேனை அளக்கத் தெரியும், தூசியை அடக்கத் தெரியும், கூரையைத் தைக்கத் தெரியும், பழைய நீரைத் துளை போட்டுக் கண்டுபிடிக்கத் தெரியும். இது எல்லாமே வேலையைச் சில மணி நேரம் நிறுத்தச் சொல்லும். அந்த ஷிஃப்டில் இத்தனை டன் என்று இலக்கு இருக்கும்போது நிறுத்துவது யார்? நேற்றும் மீட்டர் கத்தியது, ஒன்றும் ஆகவில்லை, முந்தாநாளும் ஆகவில்லை. இப்படியே எச்சரிக்கை பழகிப்போகும். சென்சார் அடிக்கடி இயந்திரத்தை நிறுத்துகிறது என்று அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். கட்டியவன் கெட்டவன் இல்லை. மேலே இருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. பையை அவிழ்த்துவிட்டு நான் வேலையை நிறுத்தினேன். அன்று எனக்குக் கிடைத்தது திட்டுதான்.

தம்பி வேலைக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வாரத்திலேயே சிலவற்றைச் செய்யச் சொல்லுங்கள். வெளியே வர இரண்டாவது வழி எது என்று கேட்டு, வரைபடத்தில் பார்ப்பதோடு விடாமல், தன் காலால் முழுதும் நடந்து பார்க்க வேண்டும். பயிற்சிக் கருவியை வாயில் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு மாட்டப் பழக வேண்டும், கை தானாகப் போகும் வரை. சேரும்போதே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். பின்னால் ஒப்பிட அது வேண்டும். சுவர் வெள்ளையா, சாம்பலா என்று பார்க்கட்டும். வேலையை நிறுத்தச் சொன்ன ஒருவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்றும் கவனிக்கட்டும். அது தெரிந்தால் அந்தச் சுரங்கத்தைப் பற்றி மீதியெல்லாம் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒன்று. இறங்கும்போது தன் எண் போட்ட வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள், ஏறி வந்ததும் திருப்பி எடுப்பார்கள். சில இடங்களில் இப்போது அது அட்டையாகவோ மின்னணுக் குறியாகவோ மாறியிருக்கும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அதைச் செய்யாமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. உள்ளே புகையும் தீயும் இருக்கும் ஒரு நாளில், பலகையில் அந்த எண் நின்றுகொண்டிருந்தால், அவனைத் தேடி யாராவது உள்ளே போவார்கள்.